சட்டைக் கைகளைத் தேடித் திருப்பூருக்கு

பொங்கல் கழிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குத் திண்டுக்கல்லில் திருப்பூர் வண்டி ஏறினேன். 2009ஆம் வருடம். தை மாதப் பனி ஜன்னல் கம்பிகளில் ஈரமாக நின்றது. ஒரு கையில் மருந்துப் பெட்டி, மறு கையில் மடித்த இரண்டு வெற்றுச் சாக்குகள். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். கண்டக்டர் சாக்குகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வேஸ்டுத் துணி வாங்கவாக்கா?"

"கிடைச்சா வாங்கணும்ணே."

"கிடைக்கும். இப்ப அங்கிட்டுத் துணிதான் கிடக்கு, ஆளு இல்ல. எதிர்ல வர்ற வண்டியப் பாருங்க. கட்டில் முதக்கொண்டு மேல ஏத்திக்கிட்டு ஊருக்குத் திரும்புறாக."

அவர் சொன்னது உண்மைதான். ஒட்டன்சத்திரம் தாண்டி நன்றாக விடிந்தபோது எதிரே வந்த ஒவ்வொரு பேருந்தின் கூரையிலும் பிளாஸ்டிக் குடம், பாய், மின்விசிறி, கயிற்றால் கட்டிய டிவி பெட்டி. வெளிநாட்டில் வங்கிகள் கவிழ்ந்தன என்று முந்தைய புரட்டாசியில் செய்தித்தாளில் படித்தபோது, அது யாருக்கோ நடக்கிற சங்கதி என்றுதான் நினைத்தேன். ஆர்டர் நின்று வேலை இழந்தவர்களின் வடிவில் தாராபுரம் சாலையில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் ஒரு தரும ஆஸ்பத்திரியின் செயற்கைக் கால் பட்டறையில் வேலை செய்கிறேன். ரயிலில் அடிபட்டவர்கள், கதிரடிக்கும் இயந்திரத்தில் காலை விட்டவர்கள், சர்க்கரை நோயால் பாதம் அழுகியவர்கள் எங்களிடம் வருவார்கள். மிச்சக் காலுக்கு அளவெடுத்து, அச்சு வார்த்து, அது உட்காருவதற்கு ஒரு கிண்ணம் செய்து, அதன் கீழே காலைப் பொருத்துவோம். வெளியே தெரிகிற வேலை அதுதான். தெரியாத வேலை ஒன்று உண்டு. மிச்சக் காலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மெத்தென்ற பருத்தி உறை ஒன்று போட வேண்டும். சாக்ஸ் மாதிரி, ஆனால் பாதம் இல்லாமல். வியர்வையை அது குடிக்க வேண்டும், இழுத்தால் இழுபட வேண்டும், உள்பக்கம் தையல் உறுத்தக் கூடாது. தினமும் துவைத்து மாற்ற ஒருவருக்கு ஐந்தாறாவது வேண்டும். சில மாதங்களில் நைந்துவிடும்.

செயற்கைக் காலுக்கு நன்கொடை தர ஆள் உண்டு. காலை மாட்டிவிடும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். உறைக்கு யாரும் தர மாட்டார்கள். அதனால் எங்கள் ஆட்கள் கிழிந்த பனியனையும் பழைய சேலையையும் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். மடிப்பு ஒரே இடத்தில் அழுத்தும். தோல் உரியும், புண்ணாகும். நல்ல காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டுப் பழையபடி கோலூன்றுவார்கள். நாங்கள் மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு முழத் துணி இல்லாமல் வீணாகும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போயிருந்தது.

அந்த நிலையில்தான் ஜெபமணியிடமிருந்து போன் வந்தது. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். முப்பது வயதிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவள், இரண்டு வருடம் முன்பு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகையில் வேன் கவிழ்ந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தாள். எங்கள் பட்டறையில் கால் செய்துகொண்டு திரும்பி, அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்திருந்தாள். தைத்து முடித்த துணியை நின்றபடி சோதிக்கும் வேலை அது.

"அக்கா, காலு புண்ணாயிட்டு. லீவு கேட்டா ஒரேயடியாப் போவச் சொல்லிருவாவ. நீங்க ஒரு எட்டு வந்து பாப்பியளா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க சின்னப் பிள்ளைய சட்டைய வெட்டிப் போட்டுட்டு இருக்கோம்க்கா. புதுச் சட்டை. மலை மாதிரி கெடக்கு. நம்ம ஆஸ்பத்திரிக்குக் கேட்டுப் பாப்பமா?" என்றாள்.

புதுச் சட்டையை ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்குத் திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். எப்போது வந்தாலும் தோளோடு தோள் இடிக்கிற இடம். அன்று டீக்கடைக்காரர் வெளியே வந்து கூப்பிடுகிற அளவுக்குக் காலியாக இருந்தது. ஜெபமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நடந்து வந்தபோதே தெரிந்துவிட்டது, எடையை இடது காலிலேயே தாங்குகிறாள். ஆட்டோ பிடித்து ராயபுரத்தில் அவள் குடியிருந்த அறைக்குப் போனோம். அவளும் அவள் தங்கை எஸ்தரும் இருந்த ஒற்றை அறை. தங்கையை அவளுடைய கம்பெனி போன மாதமே நிறுத்திவிட்டது. அவள் ஊருக்குப் போய்விட்டாள். சுவரில் அவளுடைய ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை.

ஜெபமணியைப் பாயில் உட்காரவைத்துக் காலைக் கழற்றினேன். பழைய நைட்டியைக் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் விட்டு நனைத்துத்தான் எடுக்க முடிந்தது. எலும்பு முடிகிற இடத்தில் நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பாக உரிந்திருந்தது. இன்னும் சில வாரம் இப்படியே விட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டிவரும்.

"ஊரு உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு நைட்டியைச் சுத்தியிருக்கியே, ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கக் கூடாதா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"கேட்டைத் தாண்டி ஒரு நூலு வெளிய வரக்கூடாதுக்கா. போவும்போது பையத் தடவிப் பாத்துதான் விடுவாவ," என்றாள். "இன்னைக்கு மதியம் மொதலாளியப் பாக்கலாம்னு சொல்லிருக்கேன். அவரு நல்ல மனுசன்தான். கூட பெங்களூர்க்காரர் ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு. அவரு சொல்லுததுதான் இப்ப சட்டம்."

புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். காலை மாட்டாமல் கோலோடு வரச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கால் இல்லாமல் வந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள் என்றாள். மெல்லிய பஞ்சு வைத்து மாட்டிவிட்டேன்.

பெருமாநல்லூர் பேருந்து நொய்யல் பாலத்தைத் தாண்டி வடக்கே போகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆற்றில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கத்தரிக்காய் நிறத்தில் ஒரு ஓடையும் அதன்மேல் நுரையும் போயிற்று. பாலத்தின் மேல் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அது ஒரு பழக்கம்போல, பேச்சைக்கூட நிறுத்தாமல் செய்தார்கள்.

பெருமாநல்லூரில் இறங்கி ஒரு மண்பாதையில் நடந்தோம். இருபக்கமும் தென்னை. நடுவே நீளமான தகரக் கூரைக் கட்டடங்கள். கம்பெனி முதலாளி நாச்சிமுத்துவின் அப்பா காலத்தில் அங்கே பருத்தியும் சோளமும் விளைந்ததாம். இப்போது அதே நிலத்தில் துணி விளைகிறது. வாசலில் வேப்பமரத்தடியில் நாச்சிமுத்து நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு செல்போன்.

"வாங்க அம்மணி. ஜெபமணிக்குக் காலு பண்ணிக் குடுத்தது நீங்கதானுங்களா? அந்தப் புள்ள திரும்பி வேலைக்கு வந்தப்ப எங்களுக்கெல்லாம் அதிசயமுங்க," என்றார். "உள்ள வந்து பாருங்க. பாக்கறதுக்கு மனசு கேக்கோணும்."

கிடங்குக்குள் போனோம். நான் மறக்க முடியாத இடம் அது.

பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக் கூடம் அளவுக்குப் பெரிய அறை. ஒரு பக்கச் சுவர் நெடுகக் கூரையைத் தொடும்படி அட்டைப் பெட்டிகள். தரையில் பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கத்தரி. பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுப்பது, பாலிதீன் உறையைக் கிழிப்பது, கழுத்திலிருந்து கீழ்வரை ஒரு வெட்டு, இரண்டு கைகளிலும் குறுக்கே ஒவ்வொரு வெட்டு, நடுவில் குவிப்பது. குளிர்நாட்டுக் குழந்தைகளுக்கான முழுக்கைச் சட்டைகள். ஆரஞ்சு நிறம். நெஞ்சில் ஒரு கரடிப் படம். நான் ஒன்றை எடுத்து உள்பக்கம் தடவிப் பார்த்தேன். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. கிழிசல் இல்லை, கறை இல்லை, தையல் பிசகு இல்லை.

அவ்வளவு பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மொத நாளு எனக்குக் கை வரல்லக்கா," என்றாள் ஜெபமணி. "பிள்ளைய சட்டைல்லா. ஊர்ல எஸ்தர் மகனுக்கு இதே அளவுதான் இருக்கும்."

நாச்சிமுத்து காரணத்தைச் சொன்னார். இந்தச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கடை திவாலாகிவிட்டது. கடையின் பெயரை மட்டும் வேறொரு கம்பெனி வாங்கியிருக்கிறது. பெயரை வாங்கியவர்களுக்குச் சரக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் போட்ட சட்டை வேறெங்கும் விற்பனைக்கு வந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு சட்டையையும் உடுத்த முடியாதபடி அழித்து, அதைப் படம் எடுத்து அனுப்பினால்தான் நூல் விலையாவது வந்து சேரும்.

"காதர்பேட்டை பனியன் சந்தையில குடுத்தா ஒரே நாள்ல வித்துப் போகுமுங்க. லேபிள எடுத்துட்டுக் குடுக்கறேன்னும் சொல்லிப் பாத்துட்டனுங்க. கரடி அவங்க கரடியாமா. ஆகாதுன்னுட்டாங்க," என்றார்.

"அனாதை இல்லத்துக்குக் கொடுக்கலாமே?"

"அதையும் கேட்டாச்சுங்க."

வெட்டிய சட்டைகளின் குவியலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு சட்டைக் கையை எடுத்து என் முழங்கையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். பத்து வயதுக் குழந்தையின் முழுக்கை. மேலே அகலம், கீழே குறுகல், மணிக்கட்டில் இறுகிப் பிடிக்கும் பட்டி. முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய பெரியவர் கால் எந்த வடிவத்தில் இருக்குமோ அதே வடிவம். மணிக்கட்டுப் பக்கத்தைத் தைத்து மூடி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினால் தையல் தோலில் படாது. மென்மையான பக்கம் உள்ளேதான் வேண்டும் என்றால் மெல்லிய தையல் போட்டால் போதும். எப்படிப் பார்த்தாலும் அது நாங்கள் இத்தனை வருடமாகத் தேடிய உறை. நடுவே குறுக்காக ஒரு வெட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

"ஐயா, சட்டையைத்தானே அழிக்கச் சொல்றாங்க? தோள்ல வெட்டிக் கையைத் தனியா எடுத்துட்டு உடம்பை என்ன வேணும்னாலும் பண்ணச் சொல்லுங்க. கையை மட்டும் வெட்டாம எனக்குக் குடுங்க," என்றேன்.

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். ஜெபமணியின் காலைப் பார்த்தார். "வாங்க, அந்தத் தம்பிகிட்டப் பேசிப் பாக்கலாமுங்க," என்று அலுவலக அறைக்கு நடந்தார்.

பெங்களூர்க்காரர் பெயர் ரகுநாத். இடைத்தரகு நிறுவனத்தின் ஆள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். மேஜையில் கேமராவும் மடிக்கணினியும் இருந்தன. எழுந்து நின்று வணக்கம் சொன்னார், நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். நான் திட்டுவதற்கு வசதியான மனிதராக அவர் இல்லை.

நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "மேடம், டொனேட் பண்ணலாமான்னு நாங்களே கேட்டோம். முடியாதுன்னுட்டாங்க. யார் போட்டுக்கறாங்கங்கறது அவங்களுக்கு முக்கியம்."

"யாருமே போட்டுக்கப் போறதில்லையே. செயற்கைக் காலுக்குள்ள இருக்கும். மேல பேண்ட், வேட்டி. மாட்டினவரைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது."

அதைக் கேட்டதும் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் தென்னைக்கு அடியில் இப்படியும் அப்படியும் நடப்பது தெரிந்தது. முதலில் கையை அசைத்துப் பேசினார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். திரும்பி வந்து உட்காரவில்லை.

"சாரி மேடம். கையையும் சேர்த்துத்தான் கட் பண்ணணுமாம். மெடிக்கல் யூஸ்னு சொன்னதும் இன்னும் பயப்படறாங்க. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா அவங்க பேர் வந்துடும்னு."

ஜெபமணி அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுடிதாரை முழங்கால் வரை தூக்கி, வாரை அவிழ்த்துக் காலைக் கழற்றித் தரையில் வைத்தாள். காலையில் நான் கட்டிய கட்டு நனைந்து சிவந்திருந்தது.

"ஏதாவது ஆயிட்டா பேரு வந்துரும்னு சொல்லுதாவளே சார், இங்க பாருங்க. துணி இல்லாம ஆயிருக்கு. இதுக்கு யாரு பேரு வரும்?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

ரகுநாத் ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றுவரை என்னால் சரியாக எழுத முடியவில்லை. ஒரு குழந்தைச் சட்டையைச் செய்வதற்கு ஒரு செடி வளர வேண்டும். பஞ்சு நூலாக வேண்டும், நூல் துணியாக வேண்டும், துணி சாயத்தில் முங்க வேண்டும். வெட்டவும் தைக்கவும் சோதிக்கவும் மடிக்கவும் ஊரைவிட்டு வந்த பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும். அத்தனையும் ஆன பிறகு, அது ஒரு குழந்தைக்குக் குளிர் தாங்கிவிடுமோ, ஒரு பெண்ணின் புண்ணை ஆற்றிவிடுமோ என்று பயந்து, அதே பெண்களைக் கூலிக்கு உட்காரவைத்து வெட்டச் சொல்கிறார்கள். குப்பை என்றால் பயன்படாதது என்று இதுவரை நினைத்திருந்தேன். பயன்படும் என்பதற்காகவே ஒன்றைக் குப்பையாக்குவதை அன்றுதான் பார்த்தேன்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் தம்பி, தைச்சு முடிச்ச பீஸுதானுங்களே உங்க கணக்கு? கேன்சல் ஆனப்ப கட்டிங் மேசையில கெடந்த துண்டுக இருக்குதுங்க. முன்பக்கத்துல கரடி அடிச்சுட்டோம், அதை விடுங்க. கைத் துண்டுல லேபிளும் இல்ல, கரடியும் இல்ல. வெறும் துணிங்க. அதை வேஸ்டு மில்லுக்குத்தான் போடோணும்னு இருக்கறனுங்க."

ரகுநாத் யோசித்தார். "கலரும் அவங்களோடதுண்ணா. அந்த ஆரஞ்சு அவங்க அப்ரூவ் பண்ணின ஷேடு. வேற எதுக்கும் யூஸ் பண்ணக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்ல இருக்கு."

நாச்சிமுத்து அவ்வளவு நேரமும் வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி பணிவாகவே நின்றிருந்தார். இப்போது வேட்டியை விட்டுவிட்டு மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"அந்தக் கலருக்குச் சாயம் முக்குனது எங்க ஆத்துத் தண்ணீலதானுங்க, தம்பி. வர்றப்ப பாலத்து மேல பாத்திருப்பீங்க. கலரு அவங்களதுன்னா, ஆத்துல போறதும் அவங்களதுதானுங்களே. அதை எப்ப வந்து எடுத்துட்டுப் போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

ஒவ்வொரு வார்த்தையிலும் மரியாதை இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு கோபத்திலும் 'ங்க'வை விடுவதில்லை. அதனாலேயே அது சுட்டது.

ரகுநாத் மடிக்கணினியை மூடினார். கேமராவைப் பையில் வைத்தார். "நான் ஃபினிஷ்டு பீஸ் பார்க்கத்தான் வந்தேன். கட்டிங் ஹாலுக்கு நான் போகலை. அங்க என்ன இருக்குன்னும் எனக்குத் தெரியாது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு ஜெபமணியின் பக்கம் திரும்பி, "காலை மாட்டிக்குங்க சிஸ்டர்," என்றார். கிடங்குக்குப் போய்விட்டார்.

கட்டிங் ஹாலில் நீள நீளமான மேசைகள். ஒரு மேசை முழுக்க ஆரஞ்சுத் துண்டுகள் கட்டுக் கட்டாக, தையலுக்குப் போகிற வழியில் நின்றுபோன மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு கட்டைப் பிரித்து விரித்தேன். கைத் துண்டுகள். தைத்திருந்தால் இவையும் பெட்டிக்குள் போயிருக்கும், இப்போது கத்தரிக்கு வந்திருக்கும். ஆர்டர் நின்றுபோன நேரம்தான் இவற்றைக் காப்பாற்றியது.

மதிய மின்வெட்டு நேரம் அது. அந்த வருடம் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. ஆர்டர் இருந்தபோது ஜெனரேட்டர் ஓடும், இப்போது அதற்கு டீசல் ஊற்றுவதில்லை. காத்திருந்தோம். நாச்சிமுத்துவின் வீட்டம்மா, பக்கத்தில் தோட்டத்து வீட்டிலிருந்து மோரும் அரிசிம்பருப்புச் சாதமும் கொண்டுவந்தார். "ஊட்டுக்கு வராம இங்கயே உக்காந்துட்டீங்க, சாப்புடுங்க," என்று கட்டாயப்படுத்தினார். சாப்பிடும்போதும் அடுத்த கட்டடத்திலிருந்து கத்தரிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கத்தரிக்குக் கரண்ட் தேவையில்லை.

கரண்ட் வந்ததும் ஜெபமணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாள். இடது காலால் பெடலை மிதித்தாள். நான் மெழுகுக் கட்டியால் அளவு போட்டுக் கொடுத்தேன். பக்கவாட்டில் ஒரு தையல், அடியில் வளைவாக ஒரு தையல். முதல் உறை அடியில் கூராக வந்துவிட்டது. பிரித்து மறுபடி போட்டாள். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதை நான் சுத்தமாக உதறி, அவள் கட்டின்மேல் மெதுவாக ஏற்றிவிட்டு, காலை மாட்டி வாரை இறுக்கினேன்.

எழுந்து நின்றாள். மெஷினைப் பிடிக்காமல் மேசையின் அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"எரியல்லக்கா," என்றாள். கொஞ்சம் நின்று, "இப்பவாச்சும் எரியல்ல," என்றாள். அவள் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி அளவு போடக் குனிந்துகொண்டேன்.

கிடங்கில் வெட்டுகிற வேலை முடிந்ததும் நாலைந்து பெண்கள் வந்து தாங்களாகவே மெஷின்களில் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்களில் மூத்தவளான ராமநாதபுரத்துப் பெண் சொன்னாள்: "நாலு நாளா வெட்டி வெட்டி இந்தக் கை கையாவே இல்ல. ரெண்டு தைச்சாத்தான் இன்னைக்குத் தூக்கம் வரும்." பொழுது சாய்வதற்குள் என் இரண்டு சாக்குகளும் நிறைந்தன. நாச்சிமுத்து தன் பங்குக்கு இன்னும் நான்கு சாக்குகளில் தைக்காத துண்டுகளை நிரப்பிக் கட்டிவைத்தார்.

இரவு ராயபுரத்தில் தங்கினேன். மறுநாள் காலை ஜெபமணியின் புண்ணைப் பார்த்தேன். ஆறவில்லை, ஆனால் பெரிதாகவும் இல்லை. எப்படித் துவைக்க வேண்டும், எப்போது காலைக் கழற்றிக் காற்றாட விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தேன். சாக்குகளைக் கூரையில் ஏற்ற உதவியவர் ஒரிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. அவரும் ஊர் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தார். சாக்குக்குள் என்ன என்று இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி வராது. முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டி, ஒரு உறையை எடுத்து மாட்டுவதுபோல நடித்தேன். புரிந்துகொண்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் எங்கள் பட்டறை நினைவாகவே இருந்தது. அங்கே யாராவது இறந்துபோனால் வீட்டார் காலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். திருகாணி, வார், கொக்கி ஒவ்வொன்றையும் கழற்றி எண்ணெய் போட்டு அடுத்தவருக்கு வைப்போம். ஏழ்மையில் வந்த பழக்கம் அது, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பொருள் இன்னொருவருக்கு உதவும் என்றால் அதைக் கொடுப்பது இயல்பு, கொடுக்காமல் இருக்கத்தான் காரணம் வேண்டும் என்று அங்கே நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். பெருமாநல்லூரில் அது தலைகீழாக இருந்தது. அங்கே கொடுப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன காரணமும் செல்லவில்லை.

அதற்குப் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்தன. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும்போது அடியில் சுற்றுவதற்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி பனியன் துணி தேடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவிடம் மீந்துபோன வெள்ளைத் துணிச் சுருள்கள் அங்கே போயின. அவர் சொல்லி அவருடைய மைத்துனர் கம்பெனியிலிருந்து எலாஸ்டிக் பட்டைகள் வந்தன. செயற்கைக் காலின் இடுப்பு வாருக்கு அவை பயன்பட்டன. யாரிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஜெபமணி வேலை முடிந்ததும் கம்பெனி கம்பெனியாகக் கேட்டு எனக்குப் போன் செய்வாள். அவளுடைய புண் மாசி முடிவதற்குள் ஆறிவிட்டது. ஆரஞ்சு உறை போட்டவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்து இன்னொன்று கேட்டு வாங்கிப்போனார்கள்.

வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் நாச்சிமுத்து கூப்பிட்டார். ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது என்றார். எஸ்தரும் திரும்பி வந்து அவர் கம்பெனியிலேயே சேர்ந்துவிட்டாளாம். சந்தோஷம் என்றேன். அவர் பேச்சை முடிக்காமல் இழுத்தார்.

"ஒரு விசயமுங்க அம்மணி. புது அக்ரிமெண்டுல ஒரு வரி சேத்தியிருக்கறாங்க. மிஞ்சற தைக்காத துண்டு, கட்டிங்ல உழுகற துணி, எல்லாத்தையும் சேத்தி அழிக்கோணுமாமா. வேற யாருக்கும் எதுக்கும் குடுக்கக் கூடாதாமா. எப்படியோ தெரிஞ்சு போச்சாட்டருக்குதுங்க."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போடாம எப்படிங்க? அத்தன பேரு வேலைக்கு வந்து நிக்கறாங்க." பிறகு அவரே சொன்னார்: "மச்சான் உள்ளூருக்குத்தான் தைக்கறானுங்க. அவனுக்கு ஒருத்தரும் இப்படி வரி எழுத மாட்டாங்க. அவங்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறனுங்க, மாசாமாசம் உங்களுக்கு வந்துரும். என்ற மேல கோவிச்சுக்காதீங்க."

"உங்க மேல கோபம் இல்லீங்க," என்றேன். அவரோடு பேசிப் பேசி எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு யார் மேல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அந்த வரியை எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறார், ஆணா பெண்ணா, அவர் வீட்டில் குழந்தைகள் உண்டா, ஒன்றும் தெரியாது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பழனியிலிருந்து உறை கேட்டு வந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த கிழிந்த வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.